மலைநாட்டு வீதியில் அக்‌ஷன் கமரா: வாங்குவதைவிடப் பொருத்துவதே பெரிய வேலை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மோட்டார் சைக்கிளில் மலையகத்தைச் சுற்றிப் பார்க்க வருவோருக்கு எந்த அக்‌ஷன் கமரா உகந்தது என்று தங்கள் வார இதழின் பயணப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். கோப்ரோ, டி.ஜே.ஐ., இன்ஸ்டா360 ஆகிய மூன்று நிறுவனங்களின் புதிய கமராக்களையும், அவற்றின் படத்தெளிவையும், விலையையும் அட்டவணையாகத் தந்திருந்தீர்கள். அந்த அட்டவணையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் வாங்கிய கமராவைத் தலைக்கவசத்திலோ வண்டியிலோ எங்கே, எதைக் கொண்டு, எப்படிப் பொருத்துவது என்பது பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. ஹட்டனில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை நடத்துகிறவன் என்ற முறையில் நான் அன்றாடம் காண்பதைச் சொல்கிறேன். கமரா சரியில்லை என்று வருகிறவர்கள் மிகச் சிலர். ஒட்டியது கழன்றுவிட்டது, எடுத்த காணொளி முழுவதும் அதிர்கிறது, பாதி வழியில் பெட்டரி தீர்ந்துவிட்டது என்று வருகிறவர்களே பலர். இவை எல்லாம் பொருத்தும் விதத்தில் வரும் குறைகள். விலை கூடிய கமரா வாங்குவதால் தீருபவை அல்ல.

முதலில் எங்கள் வீதிகளைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். கிதுல்கலையில் வியர்வை வழிய ஏறத் தொடங்குகிற ஒருவர், கினிகத்தேனையைக் கடந்து ஹட்டனை அடையும்போது கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல் வந்திருப்பார். அங்கிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்குச் சென்றால் ஏறக்குறைய 1,870 மீற்றர். அரை நாளுக்குள் வெக்கையும் குளிரும் மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தை நனைத்துக்கொண்டிருக்கும் வேளையில், மலைக்கு அந்தப் புறம் பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் வெயில் காய்ந்துகொண்டிருப்பது எங்களுக்கு வழக்கமான காட்சி. இவற்றோடு, 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது சரிந்த மலைச்சரிவுகளால் பல வீதிகள் பட்ட சேதமும் சேர்ந்துகொண்டது. ஆகவே சமதரையில் நேரான வீதியில் சோதித்துப் பார்த்து எழுதப்படும் மதிப்புரைகளை அப்படியே எடுத்துக்கொண்டு இங்கே வந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

கமராவைத் தெரிவு செய்வதில் நான் முதலாவதாகப் பார்க்கச் சொல்வது அதிர்வுத் தடுப்பு. 2018 இல் வெளிவந்த கோப்ரோ ஹீரோ 7 பிளாக் கமராவில் ஹைப்பர்ஸ்மூத் என்ற மின்னணு அதிர்வுத் தடுப்பு வந்த பின்னர்தான், தனியாக ஒரு கிம்பல் (கமராவை ஆடாமல் தாங்கும் மோட்டார் பிடி) இல்லாமலே மோட்டார் சைக்கிளில் பார்க்கத்தக்க காணொளி எடுப்பது சாதாரண மனிதருக்குச் சாத்தியமானது. அதன் பிறகு வந்த நல்ல நிறுவனக் கமராக்கள் எல்லாவற்றிலும் இந்த வசதி போதிய அளவில் இருக்கிறது. எனவே இந்த ஆண்டின் புதிய கமராதான் வேண்டும் என்று கடன்பட வேண்டியதில்லை. ஓரிரு தலைமுறை பழையதை, பெட்டரி உப்பவில்லை, பெட்டரி மூடியின் இறப்பர் விளிம்பு கிழியவில்லை, வில்லையில் கீறல் இல்லை என்று பார்த்து வாங்கி, மிச்சப்படும் பணத்தை மேலதிக பெட்டரிக்கும் நல்ல மெமரி கார்டுக்கும் தரமான பொருத்திகளுக்கும் செலவிடுவதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. வேகமும் வழித்தடமும் காணொளியில் தெரிய வேண்டும் என்று விரும்புகிறவர் மட்டும் ஜி.பி.எஸ். இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். கோப்ரோ ஹீரோ 12 இல் அது இல்லை, 2024 இல் வந்த ஹீரோ 13 இல் மீண்டும் வந்தது. கொண்டை ஊசி வளைவில் வேகத்தை எண்ணாகக் காட்டிப் பெருமைப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கையடக்கத் தொலைபேசி இருக்கும்போது தனிக் கமரா எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. நல்ல தொலைபேசிகளின் கமராவுக்குள் வில்லையையே நுண்ணியதாக அசைத்துப் படத்தை நிலைப்படுத்தும் பொறிமுறை இருக்கிறது. வண்டியின் ஹேண்டில்பாரில் பூட்டும்போது இயந்திரத்தின் தொடர் அதிர்வு அந்தப் பொறிமுறையைக் கெடுக்கக்கூடும் என்று அப்பிள் நிறுவனமே 2021 செப்டெம்பரில் தன் வாடிக்கையாளர்களை எச்சரித்தது. அக்‌ஷன் கமராக்களில் பொதுவாக அத்தகைய அசையும் பாகம் கிடையாது. அவை படத்தின் ஓரத்தை வெட்டி, கணக்கிட்டு நிலைப்படுத்துகின்றன. வழி பார்ப்பதற்காகத் தொலைபேசியை ஹேண்டிலில் பூட்டுகிறவர்கள்கூட அதிர்வைத் தாங்கும் இறப்பர் அடிப்பாகம் உள்ள பிடியை வாங்குவது நல்லது.

இனிப் பொருத்தும் இடம். மலைநாட்டில் சுற்றுவதற்கு, முழுமுகத் தலைக்கவசத்தின் நாடிப் பகுதியில் பொருத்துவதற்கு இணையான இடம் வேறு இல்லை என்பதே என் முடிவு. ஓட்டுநரின் கண் காண்பதை ஏறக்குறைய அதே உயரத்தில் கமராவும் காண்கிறது. ஹேண்டில்பாரும் இரு கைகளும் வேகமானியும் படத்தின் அடியில் தெரிவதால் பார்ப்பவருக்குத் தானே ஓட்டுவது போன்ற உணர்வு வருகிறது. எல்லாவற்றையும்விட, வண்டியின் அதிர்வைக் கைகளும் முதுகும் கழுத்தும் உறிஞ்சிக்கொண்டு, மெதுவான அசைவை மட்டுமே கமராவுக்குக் கொடுக்கின்றன. மெதுவான அசைவைத்தான் மின்னணுத் தடுப்பால் சரிசெய்ய முடியும். வளைவில் திரும்பும்போது ஓட்டுநர் முன்கூட்டியே வளைவின் முடிவைப் பார்ப்பார். கமராவும் அவருடன் சேர்ந்து அங்கே திரும்பும். ஹேண்டிலில் பூட்டிய கமராவோ வண்டியின் மூக்கு காட்டும் பள்ளத்தாக்கை மட்டும் காட்டும். டெவோன் நீர்வீழ்ச்சியைத் தலையைத் திருப்பிப் பார்த்தால் போதும், அது படத்தில் இருக்கும்.

இதற்கு முழுமுகத் தலைக்கவசம் வேண்டும். 2015 இல் முழுமுகத் தலைக்கவசங்களைத் தடை செய்யப் பொலிஸார் முயன்றதும், மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். பாதுகாப்புக்கும் முழுமுகமே மேலானது. பாதித் தலைக்கவசம் அணிகிறவர்கள் நாடிக் கமராவை மறந்துவிட வேண்டியதுதான். கமரா வாங்க ஒதுக்கிய பணத்தில் முதலில் எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரை உள்ள நல்ல முழுமுகத் தலைக்கவசம் ஒன்றை வாங்கச் சொல்லி நான் பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வியாபாரிக்கு அது நட்டம் என்று என் வீட்டில் சொல்வார்கள்.

நாடிப் பகுதியில் ஒட்டுவதில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. தரமான பொருத்திகளின் அடியில் இருப்பது 3எம் நிறுவனத்தின் வி.எச்.பி. போன்ற, இருபக்கமும் பசையுள்ள நுரைநாடா. இந்தப் பசை ஒட்டிய கணத்திலேயே முழுப் பலத்தை அடைவதில்லை. சாதாரண அறை வெப்பநிலையில் இருபது நிமிடத்தில் ஏறக்குறைய பாதிப் பலமும், ஒரு நாளில் பத்தில் ஒன்பது பங்கும், மூன்று நாளில் முழுப் பலமும் வரும் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. ஒட்டுவதற்கு உகந்த வெப்பநிலை 21 முதல் 38 பாகை செல்சியஸ் வரை. 10 பாகைக்குக் கீழே பசை விறைத்து, மேற்பரப்பில் பரவாமல் நின்றுவிடும். ஜனவரி, பெப்ரவரி மாத விடியற்காலையில் நுவரெலியாவில் புல்லின்மீது உறைபனி படிகிறதென்றால், அந்த நேரத்தில் விடுதி வாசலில் நின்றபடி பொருத்தியை ஒட்டிவிட்டு உடனே புறப்படுகிறவரின் கமராவுக்கு என்ன நேரும் என்று விளக்க வேண்டியதில்லை.

சென்ற பருவத்தில் ஓர் இளைஞர் கழன்ற பொருத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, “அண்ணே, இது ஒரிஜினல் டேப்பா, டூப்ளிகேட்டா?” என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன். நாடா அசல்தான். ஆனால் அதன் பசையில் தலைக்கவசத்தின் வளைவு பதிந்திருந்தது நடுவில் ஒரு நாணய அளவுக்கு மட்டுமே. ஓரங்கள் எதையும் தொட்டதற்கான அடையாளமே இல்லாமல் பளபளவென்று இருந்தன. பசை தொட்ட அந்த நடுப்பகுதியிலும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று மினுங்கியது. தலைக்கவசத்தை முதல் நாள் பொலிஷ் போட்டுத் துடைத்தாராம். தட்டையான பொருத்தியை வளைந்த நாடியில் ஒட்டியது ஒன்று, பொலிஷின்மேல் ஒட்டியது இன்னொன்று. வளைந்த இடத்திற்கு வளைந்த அடிப்பாகம், அல்லது அந்தத் தலைக்கவசத்தின் வடிவத்திற்கென்றே வார்க்கப்பட்ட நாடிப் பொருத்தி வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஒட்டாமல் பட்டியால் சுற்றிக் கட்டும் வகை போதும். மடித்துத் திறக்கும் தலைக்கவசமாயின் மூட்டின் குறுக்கே ஒட்டக்கூடாது. காற்றுத் துவாரத்தையும் அடைக்கக்கூடாது.

துடைப்பதற்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் மதுசாரமே போதும். பெற்றோலாலும் தின்னராலும் துடைக்கிற பழக்கம் எங்கள் கராஜ்களில் ஊறிப்போனது. பொலிகார்பனேட், ஏ.பி.எஸ். போன்ற பிளாஸ்டிக்கால் ஆன தலைக்கவசத்தின் வெளி ஓட்டினை அவை கண்ணுக்குத் தெரியாமல் வெடிக்கச் செய்து பலவீனப்படுத்திவிடும். துடைத்த இடம் காய்ந்ததும், வீட்டுக்குள் வைத்து, தலைமுடி உலர்த்தியால் அந்த ஓட்டினையும் பொருத்தியையும் இதமாகச் சூடாக்கி, ஒட்டி, பெருவிரலால் அரை நிமிடமாவது அழுத்தி, குறைந்தது ஒரு நாள் கமராவைப் பூட்டாமல் விட வேண்டும். கழற்றும்போதும் அதே சூடுதான். கத்தியால் நெம்பக்கூடாது. தலைக்கவசத்தில் துளை போட்டு ஆணி இறுக்கித் தாருங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை. இக்கடிதம் வெளிவந்தால் இன்னொரு கடையிலும் அதைச் செய்துகொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐரோப்பிய 22.06 ஒழுங்கில், தலைக்கவசத்திற்கென்று வடிவமைக்கப்பட்ட துணைக்கருவிகளைப் பொருத்திய நிலையிலும் தலைக்கவசத்தைச் சோதிக்கும் ஏற்பாடு வந்திருப்பதே, வெளியே துருத்தும் பொருள் எவ்வளவு பெரிய விடயம் என்பதைக் காட்டுகிறது. விழுந்தால் கமரா உடைந்து தனியே போக வேண்டுமே தவிர, வீதியில் கொளுவித் தலையைத் திருகக்கூடாது.

பாதுகாப்புக் கயிறு பற்றியும் இதே எண்ணத்தோடுதான் பேச வேண்டும். கமரா கழன்று விழுந்தால் அது உடைவது ஒரு புறமிருக்க, பின்னால் வருகிற இன்னொரு மோட்டார் சைக்கிள்காரரின் முகத்தில் அது போய் மோதலாம். ஆகவே கயிறு கட்டாயம் வேண்டும். ஆனால் உருக்குக் கம்பி வேண்டாம். கமராவின் எடை 150 கிராமைச் சுற்றித்தான் இருக்கும். அந்த எடையைத் தாங்கி, தலை எங்காவது சிக்கினால் அறுந்துவிடக்கூடிய மெல்லிய நைலோன் நூலே சரி. அதையும் நாடிப் பட்டியில் கட்டாமல், தனியாக ஒட்டிய சிறு கொளுக்கியில் கட்ட வேண்டும்.

பெட்டியோடு வரும் பொருட்களில் எல்லோரும் தூக்கி வீசுவது, விரல் நகமளவு இறப்பர் துண்டு ஒன்று. பொருத்தியின் விரைவுப் பூட்டுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் அதைச் செருகினால், அழுத்தினால் திறக்கும் இரு காதுகளும் அதிர்வில் தாமாக உள்ளே மடங்க முடியாது. கோப்ரோ வகைப் பொருத்திகளின் பாதுகாப்பில் பாதி அந்தத் துண்டில் இருக்கிறது. மீதிப் பாதி பக்கவாட்டுத் திருகாணியில். அதன் மரை 5 மில்லிமீற்றர். விரலால் இறுக்கியது மஸ்கெலியாவிலிருந்து நோர்வூட் போவதற்குள் தளர்ந்து கமரா தலைகுனிந்துவிடும். ஆகவே சிறு சாவியால் கால் சுற்று மேலதிகமாக இறுக்கிவிட வேண்டும். நைலோன் வளையமுள்ள நட் போட்டால் இன்னும் நல்லது. ஆனால் இயந்திர போல்ட்களுக்குப் போடும் மரைப் பசையை இங்கே சொட்டக்கூடாது. உலோகத்திற்கு நல்லதான அந்தப் பசை, பிளாஸ்டிக் விரல்களில் பட்டால் அவற்றை வெடிக்கச் செய்யும்.

ஹேண்டில்பாரில் பூட்டுவது ஏன் சரிவருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் முதலில் எல்லோரும் கேட்பது அதையே. எங்கள் நாட்டில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை 100 முதல் 160 சி.சி. வரையான ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள். ஏற்றத்தில் இரண்டாம் கியரில் இயந்திரம் நிமிடத்திற்கு 6,000 சுற்றுச் சுழலும்போது செக்கனுக்கு 100 அதிர்வுகள் ஹேண்டிலுக்கு வருகின்றன. கமரா செக்கனுக்கு 30 படம் எடுக்கிறது. அதாவது ஒவ்வொரு படத்திற்கும் உரிய நேரத்திற்குள் மூன்றுக்கு மேற்பட்ட அதிர்வுகள். கமராவின் உணர்தளம் ஒரு படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், ஒவ்வொரு வரியும் சற்றே விலகி, மின்கம்பங்கள் நெளிந்து ஆடுவது போல் படம் பதிவாகும். இதை எந்த மென்பொருளாலும் பின்னர் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. கட்டாயம் வண்டியில்தான் பூட்ட வேண்டும் என்றால், 22 மில்லிமீற்றர் குழாய்க்குரிய உலோகக் கிளாம்பை உள்ளே இறப்பர் வைத்து இறுக்கி, கமராவை எவ்வளவு கிட்டவாக வைக்க முடியுமோ அவ்வளவு கிட்டவாக வைக்கவும். நீட்டுக் கை வைத்தால் அதிர்வு பெருகும். பக்கக் கண்ணாடியின் அடியில் பூட்டும் தகடும் நல்லதே. ஒரு சிறு எச்சரிக்கை: பல யமஹா வண்டிகளில் வலப்பக்கக் கண்ணாடியின் மரை எதிர்த்திசையில் சுற்றுவது. அது தெரியாமல் பலங்கொண்டு திருகி மரையை அழித்துக்கொண்டு வருகிறார்கள்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தலைக்கவசத்தின் உச்சியில் வைப்பது காற்றைப் பிடிக்கும், மரக்கிளையைப் பிடிக்கும், விழுந்தால் நெம்புகோலாகும். பரிந்துரைக்கமாட்டேன். நெஞ்சுப் பட்டி, பாதித் தலைக்கவசக்காரர்களுக்கும் ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கும் ஓரளவு உதவும். ஆனால் மழை அங்கி போட்ட உடனே கமரா இருட்டுக்குள் போய்விடும், எங்கள் ஊரில் மழை அங்கி போடாத நாள் குறைவு. 360 பாகையும் படமெடுக்கும் இன்ஸ்டா360 எக்ஸ் வகைக் கமராக்கள் அருமையானவை. எடுத்த பிறகு எந்தப் பக்கம் பார்ப்பது என்று வீட்டில் இருந்து தீர்மானிக்கலாம், அவற்றைத் தாங்கும் கோலும் படத்தில் மறைந்துவிடும். ஆயினும் அந்தக் கோலை ஹேண்டிலின் அகலத்திற்கு வெளியே நீட்டிப் பூட்டியபடி ரம்பொடைப் பக்கத்து வீதிகளில் வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. எதிரே வரும் பஸ், வளைவில் எங்கள் பக்கத்தையும் சேர்த்துத்தான் எடுக்கும். கோல் வைப்பதாயின் பின்புறச் சாமான் தாங்கியின் நடுவில், வண்டியின் அகலத்திற்குள், குட்டையாக வைக்கவும்.

மழைக்கு வருவோம். கோப்ரோவின் அண்மைக்கால ஹீரோ கமராக்கள் 10 மீற்றர் ஆழம் வரையும், டி.ஜே.ஐ. ஒஸ்மோ அக்‌ஷன் 4 போன்றவை 18 மீற்றர் வரையும் மேலுறை இல்லாமலே நீரைத் தாங்கும் என்று சொல்லப்படுவது, எல்லா மூடியும் சரியாகப் பூட்டிய நிலையில், அசையாத நீரில். வண்டியைக் கழுவும் நிலையத்தில் உயர் அழுத்த நீரை அதன்மீது பாய்ச்சுவது வேறு. மூடியின் இறப்பர் விளிம்பில் ஒரு மணல்துகள் இருந்தாலும் நீர் புகும். ஓட்டும்போது சார்ஜ் ஏற்றுவதற்காக மூடியைத் திறந்து வயரைச் செருகினால் அந்தத் தாங்குதிறன் அங்கேயே முடிந்தது. வயர் செல்லத் துளையுள்ள தனி மூடிகள் தூறலுக்குத் தாக்குப்பிடிக்கும், ஹட்டன் மழைக்கு அல்ல.

இன்னொரு சங்கடம் வில்லைக்கு உட்புறம் படியும் ஆவி. வெக்கையான கிதுல்கலையில் தூறலுக்குள் நின்று பெட்டரியை மாற்றினால், ஈரக்காற்று உள்ளே அடைபட்டுவிடும். மேலே குளிருக்குப் போனதும் அது வில்லையில் நீராகப் படிந்து படம் முழுவதையும் மங்கச் செய்யும், துடைக்கவும் முடியாது. பெட்டரியைக் கூரைக்கு உள்ளே, காய்ந்த இடத்தில் மாற்றுவதும், கமராவை இரவில் சிலிக்கா ஜெல் பொதியோடு மூடிய டப்பாவில் வைப்பதுமே இதற்குப் பரிகாரம். வெளிப்புறத் துளிகளுக்கு, கையுறையின் பெருவிரலில் ஒரு மெல்லிய துணியைத் தைத்துவிட்டால் போதும். அதையும் வண்டியை நிறுத்தித் துடைக்கவும்.

மின்சாரமும் சேமிப்பும் பற்றிக் கணக்கோடு சொன்னால் தெளிவாக இருக்கும். 4கே தெளிவில், செக்கனுக்கு 60 மெகாபிட் வீதம் பதிவு செய்தால் ஒரு மணித்தியாலத்திற்கு 27 ஜிகாபைட் செல்லும். 100 மெகாபிட் என்றால் 45 ஜிகாபைட். 128 ஜிகாபைட் கார்ட் முதலாவதற்கு நாலரை மணித்தியாலம் வரை வரும், இரண்டாவதற்கு மூன்று மணித்தியாலம்கூட வராது. கார்டின்மீது வி30 என்று அச்சிட்டிருக்க வேண்டும். செக்கனுக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாமல் தொடர்ந்து எழுதும் என்பது அதன் உறுதி. மலிவான போலிக் கார்ட்கள் பாதிப் பயணத்தில் பதிவை நிறுத்திவிடும். ஒரு பெட்டரி 4கே பதிவில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது கமராவுக்குக் கமரா வேறுபடும், குளிரில் அது இன்னும் குறையும். மாற்றுப் பெட்டரியை வெளிப் பையில் வைக்காமல் உடலோடு ஒட்டிய பைக்குள் வைத்திருங்கள். வண்டியில் யூ.எஸ்.பி. முனை பொருத்திக்கொள்பவர்கள், அதைப் பெட்டரியிலிருந்து நேரே எடுக்காமல் சாவியைத் திருப்பினால் மட்டும் மின் வரும் வயரிலிருந்து, பியூஸ் ஒன்று வைத்து எடுக்கும்படி மின்வேலை செய்பவரிடம் சொல்ல வேண்டும். அல்லாவிட்டால் காலையில் வண்டி இயங்காது.

அமைப்புகளைப் பற்றி என் விருப்பு வெறுப்புகளையே சொல்கிறேன். மிக அகலமான கோணத்தை எல்லோரும் விரும்புகிறார்கள், ஏனெனில் அது வேகத்தைக் கூட்டிக் காட்டுகிறது. ஆனால் மவுசாக்கலை நீர்த்தேக்கக் கரையிலிருந்து அந்தக் கோணத்தில் எடுத்தால், 2,243 மீற்றர் உயர்ந்த சிவனொளிபாதமலை தூரத்துக் கறையான் புற்றைப் போல் சுருங்கிவிடும். மலையைக் காட்ட வேண்டுமானால் நேர்கோட்டுக் (லீனியர்) கோணத்துக்கு மாற்றவும். அடிவானத்தைக் கிடையாகப் பூட்டும் வசதியை வளைவுகள் நிறைந்த வீதியில் நான் அணைத்துவிடச் சொல்வேன். வண்டி சாய்வது தெரியாவிட்டால் வளைவு வளைவாகவே இல்லை. மூடுபனிக்குள் தானியங்கி ஒளியளவு எல்லாவற்றையும் சாம்பலாக்கும், ஒளியைச் சற்றுக் கூட்டி வைக்கவும். தானியங்கி வெண்சமநிலை (வைட் பலன்ஸ்) தேயிலையின் பச்சையை நிமிடத்திற்கு நிமிடம் மாற்றும், 5,500 கெல்வினில் நிறுத்தி வைக்கவும். அந்தி வேளையில் அதிர்வுத் தடுப்பின் உச்ச நிலை உதவாது. வெளிச்சம் குறையும்போது ஒவ்வொரு படமும் நீண்ட நேரம் ஒளி வாங்குவதால் அதிர்வு படத்துக்குள்ளேயே கரைந்து பதிவாகிறது, நிலைப்படுத்திய பின்னும் அந்தக் கரைவு துடித்துக்கொண்டிருக்கும். ஆறு மணிக்குப் பிறகு கமராவை அணைத்துவிட்டு வீதியைப் பார்த்து ஓட்டுவதே மேல்.

ஒலிக்கு ஒரு வழிதான் உண்டு. காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒலிவாங்கியில் காற்றைத் தவிர வேறொன்றும் பதியாது. சிறு ஒலிவாங்கி ஒன்றைத் தலைக்கவசத்துக்குள் கன்னப் பஞ்சின் ஓரம் செருகி, நுரை உறை போட்டு, வயரை இழுத்தால் கழன்றுவிடும்படி விட வேண்டும். ஒலிவாங்கியை இணைக்கத் தனிக் கருவி வேண்டுமா, நேரே இணைக்கலாமா என்பது கமராவுக்குக் கமரா வேறுபடும். வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கமரா எங்கே பார்க்கிறது என்பதும் பொருத்துதலைச் சேர்ந்த விடயமே. நாடியில் இருக்கும் கமரா, தலை திரும்பும் பக்கமெல்லாம் திரும்பும். தோட்டத்துப் பாதையில் வண்டியை மெதுவாக்கி, கூடை சுமந்து வரிசையில் நிற்கும் பெண்களை நோக்கித் தலையைத் திருப்பினால் அவர்கள் முகமெல்லாம் பதிவாகிவிடும், கமராவின் சிவப்பு விளக்கு எரிவதைக்கூட அவர்கள் கவனிப்பதில்லை. லயன் வாசலில் குளித்துக்கொண்டு நிற்பவர்களும், துணி உலர்த்துகிறவர்களும் அப்படியே. பெரும்பாலான தோட்டப் பாதைகள் பொது வீதிகளும் அல்ல. உள்ளே செல்வதற்கு ஒரு வார்த்தை கேட்பதும், படமெடுப்பதற்கு இன்னொரு வார்த்தை கேட்பதும் நேரம் பிடிக்கிற வேலையல்ல. கேட்டால் மறுப்பவர்களைவிட, “எடுங்க தம்பி, எங்க கொழுந்து நிறுவையையும் சேர்த்து எடுங்க” என்று சொல்பவர்களே அதிகம்.

தங்கள் பயணப் பக்கத்திற்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கமராக்களின் அட்டவணை போடும்போது, ஒவ்வொன்றின் எடை, மூடியைத் திறக்காமல் சார்ஜ் ஏற்ற முடியுமா என்பது, வெளி ஒலிவாங்கியை இணைக்கும் விதம், மாற்றுப் பெட்டரியும் மாற்று மூடியும் இலங்கையில் கிடைக்கின்றனவா, உத்தரவாதம் இங்குள்ள முகவருடையதா அல்லது கடைக்காரரின் வாய்ச்சொல்லா என்பவற்றையும் சேர்த்துப் போடுங்கள். முடிந்தால் மூன்று நான்கு தலைக்கவச வகைகளில் நாடிப் பொருத்தி எப்படி அமர்கிறது என்பதைப் படத்தோடு வெளியிடுங்கள். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்கு வண்டிகள் திரண்டு வரும். அதற்குக் குறைந்தது இரண்டு கிழமை முன்னதாக அது வெளிவந்தால், வாசித்துவிட்டு வீட்டிலேயே ஒட்டிக் காயவிட்டு வருவதற்கு அவர்களுக்கு அவகாசம் இருக்கும்.

இங்ஙனம்,
மோட்டார் சைக்கிள் உதிரிப்பாக வியாபாரி ஒருவர்,
ஹட்டன்.